நாலாவது பத்தியில் ஒரு சொல்

மிசஸ் சோப்ரா டிக்டேஷன் கொடுக்கும்போது அட்ஜெக்டிவ் வருகிற இடத்தில் மட்டும் நின்றுவிடுவார். மற்றதெல்லாம் மழையாகப் பொழியும். விதி எண், உபவிதி எண், போன வருஷத்துச் சுற்றறிக்கையின் தேதி, எதற்கும் காகிதத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் "இந்த விஷயத்தில் ஏற்பட்ட தாமதம் மிகவும்..." என்று வந்ததும் வலது கையைக் காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றி, "குச் டால் தோ" என்பார். எதையாவது போட்டுக்கொள் என்று அர்த்தம். எதிரே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் ரத்தினவேல் அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவைப்பான். அப்புறம் டைப் அடிக்கும்போது அந்த வட்டத்துக்குள் பொருத்தமாக ஒரு சொல்லைக் குடிவைப்பான்.

ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்து டெல்லியில் சர்க்கார் ஃபைல்களில் நடமாடிய இங்கிலீஷில் பாதிக்குமேல் இப்படி நம் ஆட்கள் குடிவைத்ததுதான். அதிகாரி பஞ்சாபியாக இருப்பார், வங்காளியாக இருப்பார். ஸ்டெனோ தமிழனாக இருப்பான். அதிகாரி விஷயத்தைச் சொல்வார், ஸ்டெனோ அதற்குத் தலைவாரிச் சட்டை மாட்டி மேலே அனுப்புவான். கையெழுத்து அவருக்குச் சொந்தம், இங்கிலீஷ் இவனுக்குச் சொந்தம். இந்தப் பாகப்பிரிவினையில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

ரத்தினவேலுக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் பாஸ் செய்து, பரீட்சை எழுதி வேலை வாங்கிக்கொண்டு வந்தவன். அமைச்சகம் ஒன்றில் துணைச் செயலாளராக இருந்த மிசஸ் சோப்ராவிடம் ஆறு வருஷமாக ஸ்டெனோ. கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ், மனைவி பூங்கோதை, மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற மகள் வள்ளி. பூங்கோதை மறுபடி முழுகாமல் இருந்தாள். மாசாமாசம் ஊருக்குப் போகிற மணியார்டரும் சேர்த்து எல்லாமே அந்த ஒரு நாற்காலியை நம்பித்தான் இருந்தது.

இந்த ஆறு வருஷத்தில் மிசஸ் சோப்ரா சிரித்து அவன் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. மேஜைமேல் டீ கிளாஸ் வைக்கக்கூடாது. பத்து மணி என்றால் பத்து மணி. எமர்ஜென்சி வருவதற்கு முன்னாலிருந்தே அந்த அறையில் எமர்ஜென்சிதான் என்று பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கேலி செய்வார்கள். ஓர் எழுத்துப் பிசகினால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பித் தள்ளுவார். ஒழுங்காக அடித்துக் கொடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது ரத்தினவேலுக்கு இரண்டாம் வருஷம்தான் புரிந்தது. தாங்க் யூ என்கிற சொல் அந்த அம்மாளின் அகராதியில் அச்சாகவே இல்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

எழுபத்தைந்தாம் வருஷத்துக் குளிர்காலம் வந்தது. எமர்ஜென்சி வந்து ஆறேழு மாசம் ஆகியிருந்தது. ஆபீஸ்களில் பேச்சு குறைந்துவிட்டது. நேற்று வந்தவர் இன்று வரவில்லை என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அசிஸ்டென்ட் டீக்கடையில் நின்று ஏதோ தமாஷ் பேசினானாம், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தமாஷ் என்னவென்று கேட்டால் சொல்லத் துணிந்தவர் யாருமில்லை.

ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வெயில் காயப் புல்வெளிக்குப் போவதை யாரும் விட்டுவிடவில்லை. டெல்லிக் குளிருக்கு அந்த ஒரு மணி வெயில்தான் ஆறுதல். ரத்தினவேலின் கோஷ்டி மூன்று பேர். ஒருவர் சேஷு, தஞ்சாவூர்க்காரர், நிதிப் பிரிவில் இருந்தவர், இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். இன்னொருத்தி ஜலஜா, அவளும் ஸ்டெனோதான். கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் கையில் ஸ்வெட்டர் ஊசி ஓயாது.

இந்த மூவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. தினம் சேஷு ஒரு புது இங்கிலீஷ் சொல்லைக் கொண்டுவருவார். அர்த்தம் சொல்வார், எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்றும் சொல்வார். மறுநாள் மத்தியானத்துக்குள் அதை நிஜமான ஆபீஸ் காகிதம் ஒன்றில் யார் நுழைத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறாரோ அவருக்கு மற்ற இரண்டு பேரும் மூம்பலி வாங்கித்தரவேண்டும். வறுத்த வேர்க்கடலைதான், குளிர்காலத்து டெல்லியில் அதற்கு மிஞ்சிய பரிசு கிடையாது. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் ரத்தினவேல். அவனுக்குத்தான் தினமும் காலி வட்டங்கள் கிடைக்கின்றனவே.

"இன்னிக்கு வார்த்தை கொஞ்சம் காரம், ஓய்" என்றார் சேஷு ஒருநாள். "டிராகோனியன்."

பேப்பரில் வேறு ஏதோ தேசத்து ஊரடங்குச் சட்டத்தைத் திட்டி எழுதியிருந்தார்களாம். அந்தக் குளிர்காலத்தில் நம் பேப்பர்காரர்கள் கண்ணுக்கு அயல்நாட்டுச் சட்டங்கள்தான் கொடுமையாகத் தெரிந்தன.

"ஏதென்ஸ்னு ஒரு பட்டணம். அங்கே டிராக்கோன்னு ஒருத்தன் சட்டம் எழுதினானாம். கொலை பண்ணினாலும் மரண தண்டனை. தோட்டத்துல முட்டைக்கோஸ் திருடினாலும் மரண தண்டனை."

"அரே, கோபிக்கா?" என்றாள் ஜலஜா. முட்டைக்கோஸ் அவளுக்கு எப்போதும் இந்திக் கோபிதான்.

"ஏன் இப்படின்னு ஊர்க்காரா கேட்டாளாம் அவனை. சின்னக் குத்தத்துக்கே இது சரியான தண்டனைதான், பெரிய குத்தத்துக்கு இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னானாம்."

மூவரும் சிரித்தார்கள். சேஷு விரலை உயர்த்தினார். "ஆனா கண்ட இடத்துல போடப்படாது. குளிர் கடுமையா இருந்தா அது சிவியர். வாத்தியார் கண்டிப்பா இருந்தா ஸ்ட்ரிக்ட். பேச்சு சுட்டா ஹார்ஷ். இது சட்டத்துக்கும் விதிக்கும்தான். குத்தம் கடுகத்தனை, தண்டனை மலையத்தனைன்னு இருக்கணும். அங்கே போடலாம்."

"எங்க மேடத்துக்குப் போடலாமுங்களா?" என்றான் ரத்தினவேல்.

"மனுஷாளுக்குப் போடறது அவ்வளவு சிலாக்கியமில்லை. உம்ம மேடம்னா ஒரு விலக்குக் கொடுக்கலாம்."

அன்றைக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்து, வெயிலும் முதுகில் ஏறியிருக்கும்போது அடுத்தவரைப் பற்றி எது சொன்னாலும் சிரிப்பு வந்துவிடுகிறது.

அன்று சாயங்காலம் மிசஸ் சோப்ரா அவனைக் கூப்பிட்டு டிக்டேஷன் கொடுத்தார். மேலேயிருந்து ஒரு யோசனை சுற்றுக்கு வந்திருந்தது. எல்லாப் பிரிவுகளும் கருத்துச் சொல்லவேண்டும். மாசத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிற ஊழியருக்குப் 'பணி முறிவு' என்பது யோசனை. அதாவது அதுவரை அவர் பார்த்த வேலையெல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். இருபது வருஷம் உழைத்தவராக இருந்தாலும் நாலாம் நாள் காலையில் புது ஆளாகச் சேர்ந்தவர்தான். சீனியாரிட்டி போச்சு, பென்ஷன் போச்சு. ஷாஹ்தராவிலிருந்தும் ஃபரீதாபாத்திலிருந்தும் மூடுபனியில் ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிறவர்கள் கதி என்ன என்று யோசனை சொன்னவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வீட்டு வாசலில் கார்.

மிசஸ் சோப்ரா மூன்று பத்தி மளமளவென்று சொன்னார். விதிகள், முன்னுதாரணங்கள். நாலாவது பத்தியில், "ஒழுங்கு வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆயினும் இந்த நடவடிக்கை..." என்று நிறுத்தினார். கை காற்றில் சுழன்றது. வழக்கத்தைவிட மெதுவாகச் சுழன்ற மாதிரி இருந்தது. "குச் டால் தோ."

தன் இடத்துக்கு வந்து மிஷினில் காகிதத்தைச் சொருகினான். இந்த மாதிரி வட்டத்துக்கு அவன் கைவசம் எப்போதும் தயாராக இருப்பது 'ஓரளவு கண்டிப்பானது' என்பது. ஜூன் மாசத்திலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். யாரையும் கடிக்காத சொல். இன்றைக்கோ மத்தியானச் சொல் நாக்கு நுனியில் நின்றது. குற்றம் கடுகு, தண்டனை மலை. சேஷு சொன்ன லட்சணம் ஒன்றுவிடாமல் பொருந்தியது. இப்படி ஒரு வட்டமும் இப்படி ஒரு சொல்லும் ஒரே நாளில் வந்து வாய்ப்பது ஒரு ஸ்டெனோவின் ஆயுளில் எத்தனை தரம் நடக்கும்? இருபது வருஷக்காரர்கள்மேல் இரக்கப்பட்டுப் போட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படியில்லை. ஜோடிப்பொருத்தம் கண்ட தரகரின் சந்தோஷத்தில் போட்டான். கொஞ்சம் மூம்பலிக்காகவும் போட்டான்.

காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தபோது மிசஸ் சோப்ராவுக்குத் தொலைபேசி வந்தது. யாரோ தங்கை போலிருக்கிறது. அந்தப் பக்கத்துக் குரல் நிற்காமல் பஞ்சாபியில் கொட்டியது. ஹாங், ஹாங் என்று கேட்டுக்கொண்டே அம்மாள் பக்கங்களைத் திருப்பி, ஹாங் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஃபைல் மேலே போயிற்று.

மறுநாள் புல்வெளியில் ரத்தினவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். "மூம்பலி எங்கீங்க?" என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னான். சேஷுவின் முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஜலஜாவின் ஊசியும் நின்றது.

"பாகல் ஹோ கயா? பைத்தியமா? என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள் மெல்லிய குரலில். "இது வேற தேசத்துச் சட்டம் இல்ல. நம்ம சர்க்கார். இந்த நேரத்துல, அவா போடப்போற ரூலை, அவாகிட்டயே..."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன், ஓய்" என்றார் சேஷு. "லெட்டர்ல போட்டிருக்கலாம், மீட்டிங் மினிட்ஸ்ல வேற எதுக்காவது போட்டிருக்கலாம். இதுலயா போடுவா?" சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்த தலையங்கத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

அப்போதுதான் ரத்தினவேலுக்கு உறைத்தது. டீக்கடையில் தமாஷ் பேசினவனை வீட்டுக்கு அனுப்பியவர்கள், ஃபைலில் எழுதினவனை என்ன செய்வார்கள்? வேலை போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியையும் வள்ளியையும் கூட்டிக்கொண்டு எந்த முகத்தோடு கோபி பஸ் ஸ்டாண்டில் போய் இறங்குவது?

சாப்பிடாமலே ஓடினான். நேரே மிசஸ் சோப்ராவின் மேஜைமுன் போய் நின்றான். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. ஆனால் ஆறு வருஷம் அந்த அம்மாளின் சிவப்புப் பென்சிலிடம் வேலை பார்த்தவனுக்குப் பொய் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னான். புல்வெளி விளையாட்டையும் சொன்னான்.

அவர் இங்கிலீஷில் கேட்டார்: "அந்தச் சொல்லுக்கு உனக்கு அர்த்தம் தெரியுமா?"

சேஷு சொன்னதை அப்படியே ஒப்பித்தான். முட்டைக்கோஸ் உள்பட.

"கீழே இருக்கிற கையெழுத்து யாருடையது?"

"உங்களுடையது, மேடம்."

"அப்படியானால் போய் வேலையைப் பார்."

கோபமா, இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற வித்தையை யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தான். அன்று அடித்த காகிதங்களில் எல்லாம் தப்பு. அம்மாள் சுழித்துத் திருப்பித் தள்ளினார், வழக்கம்போல.

வீட்டில் பூங்கோதை அங்கீட்டி என்கிற கரியடுப்பை மூட்டிக் கணகணப்பாக வைத்திருந்தாள். தட்டின் முன் உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏனுங்க, சோறு எறங்கலீங்களா? என்னுங்க ஆச்சு?"

மறைக்க முடியவில்லை. சொல்லி முடித்தான். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த வார்த்தைக்கு நம்ம பேச்சுல என்னங்க?" என்றாள்.

"சின்னத் தப்புக்குக் கொடூரமாத் தண்டிக்கறதுன்னு வெச்சுக்க கண்ணு."

"பஸ்ஸு வரலீன்னா இருவது வருசத்தையும் புடுங்கிப்போடுவாங்களாமா?"

"ஆமா."

"பொறவென்னங்க? இருக்கறதத்தான எழுதியிருக்கறீங்க. அதுக்குப் போயி ஏனுங்க இப்படி நடுங்கறீங்க?"

அவளுக்கு அமைச்சகம் தெரியாது, எமர்ஜென்சியும் அவ்வளவாகத் தெரியாது. இருந்தாலும் அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் அவனுக்குக் கை வாய்க்குப் போயிற்று. அந்தச் சோற்றை ஒருவழியாகச் சாப்பிட்டு முடித்தான்.

இரண்டு நாள் கழித்து மேலேயிருந்து அழைப்பு வந்தது. மிசஸ் சோப்ரா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். இணைச் செயலாளரின் அறை மாடியில். அவருடைய பி.ஏ. வேதாந்தம், கும்பகோணத்துக்காரர், அறைக்கு வெளியே உட்கார்ந்தபடி உள்ளே நடப்பதையெல்லாம் கேட்பதற்கென்றே பிறவி எடுத்தவர். அரை மணி நேரத்தில் அவரே மூச்சிரைக்க ரத்தினவேலின் இடத்துக்கு இறங்கி வந்துவிட்டார்.

"சமாசாரம் நன்னா இல்லை, அப்பா" என்றார் காதருகில். "உள்ளே ஒரே சத்தம். இவர் கேட்கறார், இந்த வார்த்தை யாருது, உங்க இங்கிலீஷ் மாதிரி இல்லையே, அந்த மதராஸி ஸ்டெனோ வேலையான்னு. இவரே வழியும் சொல்லிட்டார். டைப் அடிச்சவன் தப்பா போட்டுட்டான்னு எழுத்துல கொடுங்கோ, அவனை அனுப்பிச்சுடறோம், உங்களுக்கு ஒண்ணும் வராதுன்னார்."

"மேடம் என்னுங்க சொன்னாங்க?"

வேதாந்தம் ரத்தினவேலின் தோளில் கையை வைத்தார். "'எழுத்துல தரேன்'னுட்டா."

அவர் போய்விட்டார். ரத்தினவேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கோபம் வரவில்லை. அந்த அம்மாளின் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள், நடந்ததும் அதுதானே என்று தோன்றியது. மேஜை இழுப்பறையைத் திறந்து தன்னுடைய சாமான் என்ன இருக்கிறதென்று பார்த்தான். ஒரு பேனாக்கத்தி, வள்ளி வரைந்த ஒரு மயில், அமிர்தாஞ்சன் டப்பா. இழுப்பறையை மூடினான்.

மணி அடித்தது. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மிசஸ் சோப்ரா உட்காரச் சொன்னார். தன்னை வேலையிலிருந்து நீக்கப்போகிற காகிதத்துக்குத் தானே டிக்டேஷன் எடுக்கவேண்டிய தலையெழுத்து இந்த அமைச்சகத்தில் வேறு எந்த ஸ்டெனோவுக்காவது வந்திருக்குமா? பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்றைய பேச்சை ஒட்டி" என்று ஆரம்பித்தார். "என்னுடைய குறிப்பை மறுபடி பார்த்தேன். நாலாவது பத்தியில் உள்ள ஒரு சொல் யாருடையது என்று கேட்கப்பட்டது. அந்தச் சொல்..."

ரத்தினவேல் வழக்கப்படி வட்டம் போடக் கையை வளைத்துவிட்டான். நிமிர்ந்து பார்த்தான். மிசஸ் சோப்ராவின் இரண்டு கைகளும் மேஜைமேல் அசையாமல் இருந்தன.

"என்னுடையது" என்றார்.

பென்சில் நின்றது.

"எழுது. அது தட்டச்சுப் பிழையன்று. தட்டச்சு செய்தவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன், பொருந்தவில்லை. இருபது வருஷம் உழைத்த ஒருவர் பஸ் கிடைக்காத மூன்று காலைகளுக்காக அத்தனையையும் இழப்பார் என்றால், அப்படிப்பட்ட விதிக்கு இங்கிலீஷில் உள்ள சொல் அதுதான். ஐயம் இருந்தால் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். முற்றும்."

"மேடம்" என்றான். "பங்கு இல்லைன்னு... அது உண்மை இல்லையே, மேடம்."

"டிக்டேஷனுக்கு நடுவில் பேசுகிற பழக்கம் எப்போதிலிருந்து?" என்றார் மிசஸ் சோப்ரா. "மூன்று பிரதி. சீக்கிரம்."

வெளியே வந்து மிஷினின் முன் உட்கார்ந்தவனுக்குக் கண் மறைத்தது. எழுத்துக்கட்டைகள் கலங்கித் தெரிந்தன. நல்லவேளை, பத்து விரலுக்கும் இடம் தெரியும், கண் வேண்டியதில்லை. ஒரு பிழை இல்லாமல் அடித்தான். ஆறு வருஷத்தில் அவன் அடித்த காகிதங்களிலேயே அவ்வளவு சுத்தமான காகிதம் வேறில்லை. இவரைப் பற்றியா புல்வெளியில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை சட்டென்று நடந்தன. அந்த யோசனை இரண்டு மூன்று கூட்டங்களில் இழுபட்டது. ஒரு துணைச் செயலாளர் எழுத்திலே கொடுத்துவிட்டாளே என்றதும் மற்றப் பிரிவுக்காரர்கள் இரண்டொருவருக்கும் குரல் வந்துவிட்டது. கடைசியில் 'பணி முறிவு' போய், தாமதத்துக்கு அரைநாள் லீவு என்று நின்றது. ஷாஹ்தராக்காரர்களும் ஃபரீதாபாத்காரர்களும் எதுவும் தெரியாமலே தப்பித்தார்கள். ரத்தினவேலின் பெயரை யாரும் எடுக்கவில்லை. மிசஸ் சோப்ராவுக்கு மட்டும் மாற்றல் உத்தரவு வந்தது. ஷில்லாங்கில் ஏதோ ஒரு பயிற்சி நிலையம். அங்கே ஃபைலும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. உத்தரவைப் படித்தார், சிவப்புப் பென்சிலால் அதிலிருந்த ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், மேஜையைக் காலி செய்தார்.

அவர் புறப்படுகிற காலையில் ரத்தினவேல் பூங்கோதையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். நன்றி சொல்வதற்கென்று இங்கிலீஷில் ஓர் அழகான பேச்சு தயாரித்து வைத்திருந்தான். பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் கொண்டான். பிளாட்பாரத்தில் வழியனுப்ப வேறு யாரும் வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களை வழியனுப்ப யார் வருவார்கள்? ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்ததும் பேச்சு மொத்தமும் அவனுக்கு மறந்துபோயிற்று. ஒரு சொல் மிச்சமில்லை.

பூங்கோதைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அவளுக்கு இங்கிலீஷும் வராது, இந்தியும் காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்குத்தான். ஜன்னலுக்குள் கையை நீட்டி மிசஸ் சோப்ராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தன் பேச்சிலேயே சொன்னாள். "எங்கூட்டுல இன்னைக்கு அடுப்பு எரியறது உங்களாலதானுங்கம்மா. எம்பட வயித்துல இருக்கற புள்ளைக்கும் சொல்லித்தான் வளத்துவனுங்க. நீங்க நெம்ப நல்லா இருக்கோணும்."

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் மிசஸ் சோப்ரா.

ரத்தினவேல் மொழிபெயர்த்தான். தன் சொந்தச் சரக்கு ஒன்றையும் அதில் சேர்க்கவில்லை. கேட்ட பிறகும் மிசஸ் சோப்ரா கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை.

"ரத்தினவேல், அன்றைக்கு நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறாய்?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

"என் தங்கை அரை மணிநேரம் பேசுவாள். நான் ஹாங் சொன்னால் போதும். அந்த நேரத்தில்தான் என்னால் நிதானமாகப் படிக்க முடியும்." ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படித்தேன். சிவப்புப் பென்சிலைக்கூட எடுத்தேன். ஜூன் மாசத்திலிருந்து எத்தனையோ காகிதங்களில் நீ 'ஓரளவு கண்டிப்பானது' என்று போட்டாய், நான் கையெழுத்துப் போட்டேன். சரியான சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லப் பயமாக இருந்தது. அதனால்தான் உன்னிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது என் மேஜைமேல் அச்சடித்து வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சிவப்பால் அடித்துவிட எனக்குக் கை வரவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகுதான் இந்த ஆறு மாசத்தில் முதல்முதலாக நன்றாகத் தூங்கினேன்."

கார்டு விசில் ஊதினான். வண்டி குலுங்கியது.

"தாங்க் யூ" என்றார் மிசஸ் சோப்ரா.

வண்டி நகர்ந்தது. பூங்கோதை கூடவே நாலு எட்டு நடந்து கையை விட்டாள். ரத்தினவேல் நின்ற இடத்திலேயே நின்றான். இத்தனை நாளும் தான் செய்த முட்டாள்தனத்துக்கு ஒரு பெரிய மனுஷி தண்டனை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைத்திருந்தான். அந்த நினைப்பே அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது இதை எந்த மனசில் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூலிகளும் பயணிகளும் இடித்துக்கொண்டு போக, நடுப்பிளாட்பாரத்தில் நின்று வாய்விட்டு அழுதான்.

"ஏனுங்க, கடசீல அந்தம்மா என்னுங்க சொன்னாங்க?"

"நமக்கு நன்றி சொன்னாங்க."

"அவங்களா? நமக்கா?" பூங்கோதைக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "எதுக்காச்சும் இருந்துட்டுப் போகுது. அந்தம்மா நல்லா இருக்கோணும்."

"இருக்கோணும்" என்றான் ரத்தினவேல்.